சாம்சங் கணக்கு, ஹூண்டாய் துணிச்சல்: இது பாதிதான் உண்மை

கொரிய நிர்வாகம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திவிடுவார்கள். சாம்சங்கை நிறுவிய லீ பியுங்-சுல் கணக்குப் போட்டுக் காலெடுத்து வைப்பவர். ஹூண்டாயை நிறுவிய சுங் ஜூ-யுங் குதித்த பிறகு ஆழம் பார்ப்பவர். முன்னவர் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. பின்னவரோ அப்பா மாடு விற்ற பணத்தோடு ஊரைவிட்டு ஓடிய ஏழை விவசாயி மகன்.

ஆள் எடுப்பதில் சாம்சங்குக்கே என் ஓட்டு. சொந்தக்காரன், ஊர்க்காரன் என்று வேலை கொடுத்த காலத்தில், 1957இலேயே பொதுத் தேர்வு வைத்தது. நேர்காணலில் முதலாளியே வந்து உட்கார்ந்தார்.

ஹூண்டாயின் பள்ளிக்கூடம் கட்டுமானக் களம். முடியாது என்ற பொறியாளரிடம் சுங் கேட்பது ஒன்றுதான்: "செய்து பார்த்தாயா?" 1984இல் சோசானில் நிலம் மீட்கக் கடலுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டியபோது, போட்ட பாறையையெல்லாம் நீரோட்டம் அடித்துக்கொண்டு போனது. பழைய எண்ணெய்க் கப்பலொன்றைக் கொண்டுவந்து குறுக்கே அமிழ்த்தி இடைவெளியை அடைத்தார். அதற்குமுன் உல்சானில், கப்பல் கட்டும் தளம் முடியுமுன்பே கப்பலுக்கு ஆர்டர் பிடித்து, தளத்தையும் கப்பலையும் சேர்த்தே கட்டியவரும் அவரே.

ஆனால் 1983இல் மெமரி சிப்பில் இறங்கிய லீயை என்ன சொல்வது? வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அடுத்த இரண்டே ஆண்டில் சிப் விலை படுத்தது, நஷ்டம் குவிந்தது. அப்போதும் புது ஆலைக்குப் பணம் கொட்டினார். லாபத்தைக் காணாமலே 1987இல் இறந்தார். இதைவிடப் பெரிய சூதாட்டத்தை சுங்கும் ஆடவில்லை. இரண்டு இடத்திலும் ஒருவர் சொன்னதே சட்டம். பங்குதாரர் கூட்டம் கூடித்தான் முடிவெடுத்திருந்தால் சிப்பும் இல்லை, கப்பலும் இல்லை.

நிஜமான வேறுபாடு தொழிலாளி விஷயத்தில். சுங்குக்கும் தொழிற்சங்கம் பிடிக்காது. ஆனால் 1987 கோடையில் உல்சான் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபின் தடுக்க முடியவில்லை. ஹூண்டாய் மோட்டார் சங்கம் இன்று கொரியாவின் பலமான சங்கங்களில் ஒன்று. சாம்சங்கோ நல்ல சம்பளத்தைக் கொடுத்தும் கண்காணித்தும் சங்கத்தை அண்டவிடாமல் வைத்திருந்தது. சங்கமில்லா நிர்வாகத்தைக் கைவிடுவதாக நிறுவனரின் பேரன் லீ ஜே-யோங் அறிவிக்க 2020 ஆனது.

அந்த அறிவிப்புக்குப் பிறகும், 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஊழியர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஹூண்டாயும் இங்கே வேறு முகம்தான்: வேலைநீக்கம் செய்தவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி 2010இல் இருங்காட்டுக்கோட்டை ஆலைக்குள்ளேயே தொழிலாளர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.