மெனிஞ்சியோமாவுக்கு எம்போலைசேஷன், அம்மாவுக்கு பண்ண அனுபவம் (கோத்தகிரி டு கோயமுத்தூர்)

அம்மாவுக்கு 54 வயசு, எஸ்டேட்ல இலை பறிக்கிறாங்க. ஒரு வருஷமா தலவலி, பனிக்குத்தான்னு தைலம் தேச்சுகிட்டே விட்டுட்டோம், ஐப்பசில பறிச்ச கொழுந்து வலது கையில நிக்காம கீழ விழ ஆரம்பிச்சப்புறம்தான் பயந்து கூட்டிட்டு போனோம். எம்ஆர்ஐல இடது பக்கம் மெனிஞ்சியோமா. மூளைய மூடியிருக்க உறையில வர்ற கட்டி, பெரும்பாலும் கேன்சர் கிடையாதுன்னாங்க, அத கேட்டதும்தான் மூச்சே வந்துச்சு.

மொதல்ல எம்போலைசேஷன், அதாவது கட்டிக்கு போற ரத்தக்குழாய அடைக்கிறது, ரெண்டு நாள் கழிச்சு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாரு. மாமா எங்கயோ கேட்டுட்டு வந்து "கத்தி வெக்காமலே கட்டிய கரைச்சிருவாங்களாம்"னாரு, அது தப்புங்க, பெரும்பாலும் இது ஆபரேஷனுக்கு முன்னாடி பண்ற வேலை. டாக்டர் பேப்பர்ல படம் போட்டே காட்டுனாரு, உறைக்கு ரத்தம் கொண்டு போற குழாய்தான் கட்டிக்கும் ரத்தம் குடுக்குது, தொடை இடுக்குல இருந்து மெல்லிசு டியூப் விட்டு அந்த எடத்துக்கே போயி துகளோ பசை மாதிரி மருந்தோ போட்டு அடைச்சுட்டா வெட்டும்போது ரத்தம் கம்மியா போகும். லைன் வீட்டு தண்ணிக்கு மேல வால்வ மூடுற மாதிரிதானேன்னு அம்மாவே கேட்டாங்க, ஆமாம்மா அதேதான்னாரு. ரிஸ்க்கையும் மறைக்கல. மருந்து தப்பான கிளைக்கு போனா கண் பார்வை போகலாம், முகம் கோணலாம், பக்கவாதம் வரலாம், அதனால ஆஞ்சியோல, அதாவது ரத்தக்குழாய் படத்துல தெரியுறதுக்கு டைன்னு ஒரு மருந்து விட்டு எடுக்குற எக்ஸ்ரேல, எல்லா கிளையும் பாத்துட்டுதான் அடைப்போம், சரியில்லன்னா அடைக்காம வெளிய வந்துருவோம்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாரு. எல்லாருக்கும் இது தேவையும் இல்லையாம், சின்ன கட்டின்னா சிலருக்கு ஸ்கேன் எடுத்து பாத்துகிட்டே இருப்பாங்களாம்.

எம்போலைசேஷன் அன்னைக்கு ஆக்சிஜன் அளவு பாக்க விரல்ல மாட்டுற கிளிப் அம்மா கையில காட்டவே இல்ல, இலைக்கறை ஏறி கறுத்து தோல் தடிச்சு போன விரல், சில்லுன்னு வேற இருந்துச்சு. அந்த நர்ஸ் பொண்ணு அம்மா கைய தன் ரெண்டு கைக்குள்ள வெச்சு தேச்சு சூடு பண்ணி மறுபடி மாட்டுச்சு. அந்த பொண்ணுக்கே அஞ்சு ஸ்டார் குடுக்கணும். டை போனப்ப முகத்துல ஒரு பக்கம் வெந்நி ஊத்துன மாதிரி இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. அப்புறம் ஆறு மணி நேரம் கால மடக்காம நேரா படுக்கணும், வலிய விட இதுதான் கஷ்டமா இருந்துச்சாம்.

கோவம் பில்லிங் மேலதான். பேக்கேஜ்னு ஒரு தொகை சொல்லிட்டு, டியூபும் அடைக்கிற மருந்தும் தனின்னு ஆபரேஷனுக்கு மொத நாள் ராத்திரி சொல்றாங்க, ராத்திரியோட ராத்திரியா வளையல அடகு வெக்க எங்க போறது? அட்மிட் பண்றப்பவே எழுதி கேட்டு வாங்கிருங்க. சுகர் மாத்திரை போடுறவங்க, கிட்னி பிரச்சனை இருக்கவங்க முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க, டை போடுறதால அதையும் பாப்பாங்க.

ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, அம்மாவுக்கு ரத்தம் ஏத்தவே இல்ல. டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கே மலை ஏறாம மேட்டுப்பாளையத்துல சித்தி வீட்ல ஒரு வாரம் இருந்துட்டு, வளைவுல மெதுவா ஓட்டுற டிரைவரா பாத்து கூட்டிட்டு வந்தோம். இப்ப டம்ளர வலது கையிலயே புடிக்கிறாங்க.