மேனேஜர் ஆவதா, நிபுணராகவே உயர்வதா?

ஒரே துறையில் சில வருஷம் நன்றாக உழைத்தவரிடம் அலுவலகம் ஒரு நாள் கேட்டே தீரும்: “டீமை நீங்களே எடுத்துப் பார்த்துக்கொள்கிறீர்களா?” பெரும்பாலும் உடனே தலையாட்டிவிடுகிறோம். சம்பளம் கூடும், வீட்டில் சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். ஆனால் புரமோஷன் என்ற பெயரில் வருவது வேறொரு வேலை. நேற்றுவரை எதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தீர்களோ, அதை நாளை முதல் இன்னொருவர் செய்வார். அதனால் பதில் சொல்வதற்கு முன் இரண்டு பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

சாதாரணமான ஒரு வேலைநாளையே எடுத்துக்கொள்வோம். மாதக் கணக்கு இடிக்கிறது. கணக்குப் பிரிவின் சீனியர் ஒருவர் ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். ஒரே இன்வாய்ஸ் இரண்டு தேதிகளில் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு மாலையில் கிளம்புகிறார். வேலை முடிந்தது, முடிந்தது என்று அவருக்கும் தெரியும்.

அவருடைய மேனேஜருக்கும் கணக்கு இடிப்பது தெரியும். ஆனால் அவருக்குப் பத்து மணிக்கு மீட்டிங். அப்புறம் இரண்டு வாரமாகச் சோர்ந்திருக்கும் ஒருவருடன் தனியாகப் பேச வேண்டும். “ஒன்றுமில்லை சார்” என்று மூன்று முறை சொன்னவர், எழுந்து போகும்போதுதான் வேலையை விடும் யோசனையில் இருப்பதாகச் சொல்கிறார். மதியம் முழுக்க, புதிதாக ஒரு ஆள் வேண்டும் என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுதுவதில் போகிறது. மாலையில் இன்று என்ன செய்தோம் என்று பார்த்தால் கையில் காட்ட எதுவும் இருக்காது. அந்த உழைப்பின் பலன் மாதங்கள் கழித்து, வேறொருவர் கைவழியாக, பல சமயம் அந்த வேறொருவரின் பெயரிலேயே வெளிவரும். இது உங்களுக்குச் சந்தோஷம் தருமா என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஐந்து பேரைப் பார்த்துக்கொள்வது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கிரைகுனாஸ் என்ற நிர்வாக ஆலோசகர் 1933-ல் இதற்கு ஒரு கணக்கு போட்டார். மேனேஜருக்கும் ஒவ்வொருவருக்கும் உள்ள உறவோடு, அவர்கள் குழுவாகச் சேரும்போது உண்டாகும் உறவுகளையும், அவர்களுக்குள் இருப்பதையும் சேர்த்து எண்ணினார். நான்கு பேருக்கு 44, ஐந்து பேருக்கு 100, ஆறு பேருக்கு 222 என்று வந்தது. இத்தனையும் தினமும் தலைவலி கொடுக்காதுதான். இருந்தாலும், ஒரே ஒருவர் கூடுதலாகச் சேர்ந்ததும் டீமின் போக்கே மாறிவிடுவது ஏன் என்பதை இந்தக் கணக்கு நன்றாகக் காட்டுகிறது.

வேலையில் சிறந்தவர் நல்ல மேனேஜராகவும் இருப்பார் என்ற நம்பிக்கையையும் சோதித்திருக்கிறார்கள். பென்சன், லீ, ஷூ என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 131 நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களைப் பற்றிய தரவுகளை அலசி 2019-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதிகம் விற்றவருக்குத்தான் மேனேஜர் பதவி கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆனால் அப்படி மேலே போனவர்களின்கீழ் வேலை பார்த்தவர்களின் விற்பனை குறைந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு முடிவு: மற்றவர்களோடு சேர்ந்து விற்று, பெயரைப் பகிர்ந்துகொண்ட அனுபவம் உள்ளவர்கள் மேனேஜராக நன்றாகச் செய்தார்கள். உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இது நல்ல தடயம். புதிதாகச் சேர்ந்தவர்கள் சந்தேகம் கேட்க உங்கள் மேஜைக்கு வருகிறார்களா? வரும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, உற்சாகம் வருகிறதா?

மேனேஜர் பாதையின் உண்மையான பலம் அதிகாரம். எந்த வேலையை நிறுத்தலாம், யாரைச் சேர்க்கலாம், யாருக்கு முதல் பெரிய வாய்ப்பைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். நிபுணர் இதையெல்லாம் பேசிப் பேசித்தான் நடத்திக்கொள்ள வேண்டும். சரியான யோசனை தோற்பதை அடிக்கடி பார்க்கவும் வேண்டியிருக்கும். ஆனால் அந்த அதிகாரத்தோடு அப்ரைசலும் சேர்ந்தே வருகிறது. நன்றாக உழைத்த ஒருவரிடம் இந்த முறை ரேட்டிங் குறைவு என்பதை எதிரே உட்கார்ந்து, காரணத்தோடு சொல்ல வேண்டும். அதை மெயிலில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்பவரிடம் வேலை பார்ப்பது கொடுமை.

நிபுணர் பாதையின் பெரிய பலவீனம் ஏணி. ஐ.பி.எம். 1960-களின் தொடக்கத்திலேயே ‘ஃபெலோ’ என்ற உயர்பதவியை உண்டாக்கி, தொழில்நுட்ப மேதைகளுக்கு மேலே போக வழி வைத்தது. பல அலுவலகங்களில் அப்படி ஒரு ஏணி எச்.ஆர். ஸ்லைடில் மட்டும் இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: உங்கள் மேனேஜரின் மேனேஜருக்குச் சமமான நிலையில், தன்கீழ் ஆளே இல்லாத ஒருவராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். யாரும் இல்லையென்றால் ஏணி இல்லை.

வேலை போகும் அபாயம் இரண்டு பக்கமும் உண்டு. செலவைக் குறைக்க நிர்வாக அடுக்குகளை வெட்டும்போது நடுவில் இருக்கும் மேனேஜர் மாட்டுவார். கற்ற திறமை பழசானால் நிபுணர் மாட்டுவார்.

என் கருத்து இது. பதவி இல்லாதபோதே நாலு பேருக்கு வழிகாட்டி, அதில் மனநிறைவு கண்டவர் தயங்காமல் டீமை எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் ஏணி இருக்கும் இடத்தில் நிபுணராகத் தொடரட்டும். ஏணி இல்லையென்றால் வேறு பிரிவோ நிறுவனமோ தேடுவது, சம்பளத்துக்காக மனமில்லாமல் மேனேஜர் ஆவதைவிட எவ்வளவோ மேல். ஏனென்றால் அந்த மனக்குறையின் விலையை உங்களோடு சேர்ந்து கீழே இருப்பவர்களும் கொடுப்பார்கள்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லையா? மேனேஜர் லீவில் போகும்போது அவர் இடத்தை நீங்கள் பார்த்துக்கொள்வதாகக் கேளுங்கள். ஒரு டிரெய்னியை முழுப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். பதவி கையெழுத்தாகும் முன், “ஆறு மாதத்தில் ஒத்துவரவில்லை என்றால் பழைய வேலைக்கே, இதே கிரேடில் திரும்ப முடியுமா?” என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். நாள் ஆக ஆக கைப்பழக்கம் விட்டுப்போகும், உங்கள் பழைய இடத்திலும் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.