எம்ஓடி டெஸ்ட்டுக்கு எங்கே போவது: தெரிந்த கராஜா, பெரிய கம்பெனிக் கிளையா, கவுன்சில் மையமா?

பிரிட்டனில் கார் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கும் ஆண்டுக்கொரு முறை வரும் கேள்வி இது. கார் சாலையில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனைதான் எம்ஓடி. நீலப் பலகையில் மூன்று வெள்ளை முக்கோணங்கள் இருந்தால் எம்ஓடி டெஸ்ட் நடத்த அந்த இடத்துக்கு அனுமதி உண்டு. பலகை எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் அதை மாட்டியிருக்கும் இடங்கள் மூன்று வகை. பழுதும் பார்த்து டெஸ்ட்டும் செய்யும் தெருமுனைக் கராஜ்கள் ஒரு வகை. டயர், பேட்டரி, எக்ஸாஸ்ட் விற்கும் பெரிய கம்பெனிகளின் கிளைகள் இன்னொரு வகை. மூன்றாவது, குப்பை லாரி, பள்ளி வேன், டாக்ஸி போன்றவற்றைச் சோதிப்பதற்காகக் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், தன் பணிமனையில் வைத்திருக்கும் மையம். இவற்றில் பல, பொதுமக்களின் கார்களையும் எடுத்துக்கொள்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. என் ஓட்டு இந்த மூன்றாவதற்கே.

மூன்றிலும் மாறாதவற்றை முதலில் சொல்லிவிடலாம். கார் முதன்முதலில் பதிவான நாளிலிருந்து மூன்று ஆண்டு முடிவதற்குள் முதல் டெஸ்ட், அதன்பின் ஆண்டுதோறும். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு, அதற்கு வாட் கிடையாது. இதற்குக் குறைவாக வாங்கலாம், கூடுதலாக வாங்க முடியாது. டெஸ்ட்டுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். எம்ஓடியை மேற்பார்க்கும் அரசு அமைப்பான டிவிஎஸ்ஏ வெளியிடும் ஒரே கையேட்டைத்தான் எல்லா டெஸ்ட்டர்களும் பின்பற்ற வேண்டும். எம்ஓடி இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம். முன்பதிவு செய்த டெஸ்ட்டுக்குப் போகும் வழிக்கு மட்டும் விலக்கு உண்டு. எஞ்சின் உள்பாகம், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலையை எம்ஓடி பார்ப்பதில்லை. எதையும் கழற்றிப் பார்க்கும் உரிமையும் டெஸ்ட்டருக்கு இல்லை. ஆகவே எம்ஓடி பாஸ் ஆன கார் நல்ல கார் என்று பொருள் கொள்ளக் கூடாது.

கையேடு ஒன்றே என்றால் எங்கே போனால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிக்கல் இருப்பது கையேட்டில் டெஸ்ட்டரின் கண்ணுக்கும் கைக்கும் விடப்பட்ட இடங்களில்.

2018 மே மாதத்திலிருந்து குறைகள் ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் இரண்டும் ஃபெயில். சிறியவை இருந்தாலும் பாஸ்தான். இவற்றுக்கு வெளியே, இப்போதைக்குக் குறையில்லை, கவனித்துக்கொள்ளுங்கள் என்று எழுதித் தரும் ‘அட்வைசரி’ இருக்கிறது. சில அளவுகள் எண்ணாகவே இருப்பதால் அவற்றில் வாதத்துக்கு இடமில்லை. டயரின் நடுவிலுள்ள முக்கால் பங்கு அகலத்தில், சுற்றளவு முழுவதும் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும். பிரேக் பேட் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் ஃபெயில். ஓட்டுநருக்கு நேர் எதிரே, ஸ்டியரிங்கின் நடுவை மையமாகக் கொண்ட 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் கண்ணாடிச் சேதம் 10 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வைப்பர் துடைக்கும் மற்றப் பகுதியில் 40 வரை விடுவார்கள்.

சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறையான புஷ் எவ்வளவு ஆடினால் அது ‘அதிகம் தேய்ந்தது’? பிரேக் பைப்பில் தெரிவது மேல்துருவா, உலோகத்தை அரித்த துருவா? பால் ஜாயின்ட் ரப்பர் வெடித்திருக்கிறதா, கிழிந்தேவிட்டதா? டெஸ்ட்டர் கம்பியால் நெம்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, தன் அனுபவத்தை வைத்து முடிவெடுக்கிறார். ஒரே புஷ் ஓரிடத்தில் அட்வைசரி ஆகும், இன்னோரிடத்தில் ஃபெயில் ஆகும். இரண்டு பேரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் ஃபெயில் என்று எழுதினால் அந்த வேலை தன் கடைக்கே வரும் என்ற நிலையில் இருப்பவரையும், எதை எழுதினாலும் ஒரு காசும் வராது என்ற நிலையில் இருப்பவரையும் நான் சமமாக வைக்க மாட்டேன். கவுன்சில் மையம் பொதுவாகப் பொதுமக்களின் காரைப் பழுது பார்ப்பதில்லை. ஃபெயில் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். எனக்கு இந்த ஒன்றே தீர்மானமான காரணம்.

இதே காரணம் மறுபக்கமும் வேலை செய்கிறது. பழக்கத்துக்காகவோ வாடிக்கையாளரை இழக்கக் கூடாது என்பதற்காகவோ கண்டும் காணாமல் விடுவதும் ஆபத்துதான். குழந்தைகளை ஏற்றிப் போகும் காரில் உடைந்த காயில் ஸ்பிரிங் இருந்தால் அதைச் சொல்லும் ஆள்தான் வேண்டும். ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்று துருப்பிடித்து, வேகத்தடைகளில் அடிபட்டு முறிவது பழைய கார்களில் சாதாரணமாக நடப்பது. முறிந்த துண்டு, ஸ்பிரிங் உட்காரும் தட்டிலேயே மாட்டிக்கொண்டால் ஓட்டும்போது வித்தியாசம் தெரியாமலே போகலாம்.

பெரிய கம்பெனிக் கிளைகளின் பலம் வசதியும் விலையும். இணையத்தில் இரவு பத்து மணிக்கும் பதிவு செய்யலாம், சனி ஞாயிறும் திறந்திருக்கும், சலுகையில் டெஸ்ட் முழுக் கட்டணத்தைவிட நன்றாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரு டெஸ்ட்டரின் ஒரு மணி நேரத்தையும் பிரேக் ரோலர், லிஃப்ட் வைத்த ஓர் இடத்தையும் அந்த விலைக்குத் தர முடிகிறதென்றால் வருமானம் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். வைப்பர், பல்பு, பேட், டயர் விற்பனையிலிருந்து வருகிறது. இதில் தவறேதும் இல்லை. தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். அட்வைசரியில் உள்ள எதையும் அன்றே, அங்கேயே செய்ய வேண்டிய கட்டாயம் கிடையாது. ‘தேய்ந்து வருகிறது’ என்று எழுதியிருந்தால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

தெருமுனைக் கராஜ் நல்லதாக அமைந்துவிட்டால் அதைக் குறை சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆண்டு முழுக்க அதே கைகள் காரைப் பார்ப்பதால் எந்த பைப் எப்போது துருப்பிடிக்கத் தொடங்கியது என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். கவுன்சில் மையத்தில் கிடைக்காத ஒரு வசதியும் அங்கே உண்டு. நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை என்றால், முடிவைப் பதிவு செய்வதற்கு முன்பே, ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்து பாஸ் போடலாம். அந்தக் குறை பதிவில் இருக்கும், ஆனால் நீங்கள் பாஸுடன் வெளியே வருவீர்கள். கார் அங்கேயே நின்று பழுது பார்க்கப்பட்டால் பத்து வேலை நாளுக்குள் மறுடெஸ்ட்டும் இலவசம். நம்பத்தக்க கராஜ் உள்ளவர் அதை விட வேண்டியதில்லை. புதிதாக ஊர் மாறி வந்து எந்தக் கராஜையும் அறியாதவருக்கும், காரைப் பற்றி அதிகம் தெரியாதவருக்கும்தான் கவுன்சில் மையத்தை அழுத்திச் சொல்கிறேன்.

அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. கட்டணத்தில் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் வார நாட்களில் பணிமனை நேரம் மட்டுமே. முக்கியமாக, ஃபெயில் ஆனால் காரை வேறு கராஜுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். அடுத்த வேலை நாள் முடிவதற்குள் திரும்பினால் விளக்கு, ஹார்ன், கண்ணாடிகள், வைப்பர், சீட் பெல்ட், டயர், நம்பர் பிளேட் போன்ற குறிப்பிட்ட உருப்படிகளுக்கு மறுடெஸ்ட் இலவசம். பிரேக், சஸ்பென்ஷன், புகை ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்குப் பத்து வேலை நாளுக்குள் வந்தால் பகுதி மறுடெஸ்ட். கட்டணம் அதிகபட்சம் முழுத் தொகையில் பாதி. பத்து நாளைத் தாண்டினால் முழு டெஸ்ட், முழுப் பணம். இதைவிடக் கடினம், ஆபத்தான குறை பதிவாகும்போது: காரை ஓட்டிப் போகவே முடியாது. இழுவை வண்டி அழைக்க வேண்டும். மீறி ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் மூன்று பெனால்டி புள்ளிகளும் விழலாம். கராஜில் இதே குறை வந்தால் கார் அங்கேயே நின்றுவிடும். டயர் நூல் தெரியும் நிலையிலோ பிரேக் உரசும் சத்தத்திலோ உள்ள காரைக் கவுன்சில் மையத்துக்குக் கொண்டுபோவது புத்திசாலித்தனம் அல்ல; முதலில் சரிசெய்ய வேண்டும்.

இந்தக் குறைகளில் பெரும்பங்கைத் தேதியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தே தவிர்க்கலாம். தற்போதைய எம்ஓடி ஜூன் 15இல் முடிகிறது என்றால் மே 16 முதல் டெஸ்ட் செய்யலாம், புதுச் சான்றும் அடுத்த ஆண்டு ஜூன் 15 வரை செல்லும். ஒரு நாள்கூட வீணாகாது. இந்த ஒரு மாத அவகாசத்தின் முதல் வாரத்திலேயே கவுன்சில் மையத்துக்குப் போங்கள். ஃபெயில் ஆனாலும் பழைய சான்று இன்னும் செல்லும். ஆபத்தான குறை இல்லையென்றால் காரை எடுத்துச் செல்லலாம். பெரிய குறையுடன் அன்றாடம் சுற்றலாம் என்று இதற்குப் பொருளில்லை, கார் சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற சட்டம் எப்போதும் பொருந்தும். ஆனால் ஃபெயில் தாளை இரண்டு மூன்று கராஜ்களுக்குப் போனில் படித்துக் காட்டி விலை கேட்க நேரம் கிடைக்கிறது. ‘முன் இடது கீழ் ஆர்ம் பின் புஷ் அதிகம் தேய்ந்தது’ என்று சார்பில்லாத ஒருவர் எழுதிய வரி கையில் இருக்கும்போது, புஷ் பொருந்தியிருக்கும் ஆர்ம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்பவரிடம் ஏன் என்று கேட்க முடியும். சில கார்களில் ஆர்மோடு சேர்த்து மாற்றுவதே மலிவாகவும் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம். சான்று முடியும் நாளன்று கராஜில் நிற்பவருக்கு இந்தப் பேரம் கிடையாது.

போவதற்கு முன் வீட்டில் கால் மணி நேரம் செலவிடுங்கள். கவுன்சில் மையத்தில் ஒரு பல்புக்காக இரண்டாவது நடை நடப்பதுதான் மிகவும் எரிச்சலானது. பின்னால் ஒருவரை நிறுத்தி மூன்று பிரேக் விளக்குகளையும் ரிவர்ஸ், பனி விளக்குகளையும் பாருங்கள். நம்பர் பிளேட் விளக்கை இருட்டில்தான் பார்க்க முடியும், அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி முன் டயரின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். டிராக்கிங், அதாவது சக்கரங்களின் நேர்கோடு, விலகியிருந்தால் வெளியே புதிதாகத் தெரியும் டயர் உள்ளே தேய்ந்திருக்கும். வாஷர் தண்ணீரை நிரப்புங்கள். கண்ணாடியில் பார்வையை மறைக்கும் ஸ்டிக்கரையும் போன் ஹோல்டரையும் எடுத்துவிடுங்கள். சாவி போட்டதும் எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்து அணைகின்றனவா பாருங்கள். அணையாமல் நின்றால் ஃபெயில். டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு 2012 ஜனவரி 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்குக் கணக்கில் வரும். டீசல் காராக இருந்தால் எண்ணெய் அளவைப் பார்த்து, இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள். குளிர்ந்த எஞ்சினும், புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் அடைத்திருப்பதும் புகைச் சோதனையைக் கெடுக்கும். ஃபில்டரை எடுத்துவிட்ட கார் எங்கே போனாலும் ஃபெயில்தான்.

கவுன்சில் மையத்தைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் வேலை. எம்ஓடி மையங்களின் முழுப் பட்டியலை அரசு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதில் உங்கள் பகுதியை எடுத்து, பெயரில் ‘கவுன்சில்’, ‘பரோ’, ‘டிப்போ’ போன்ற சொற்கள் உள்ளவற்றைத் தேடுங்கள். எல்லாக் கவுன்சிலிலும் மையம் இருக்காது. பக்கத்துக் கவுன்சிலின் மையத்துக்குப் போவதற்கும் தடை கிடையாது. போனில் மூன்று கேள்விகள் போதும்: பொதுமக்களின் கிளாஸ் 4 (சாதாரணக் கார்கள் வரும் வகை) கார் எடுப்பீர்களா, அடுத்த காலி நாள் எது, மறுடெஸ்ட்டுக்கு எவ்வளவு? பழைய கார் வாங்கியிருந்தால், பதிவு எண்ணை மட்டும் வைத்து அரசுத் தளத்தில் அதன் முந்தைய எம்ஓடிகளையும் மைல் கணக்கையும் அட்வைசரிகளையும் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு ஆண்டாகத் தொடரும் அட்வைசரிதான் இந்த ஆண்டு ஃபெயில் ஆக வாய்ப்புள்ளது.

அரசே டெஸ்ட் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வட அயர்லாந்து இருக்கிறது. அங்கே தனியார் கராஜ் கார் டெஸ்ட் செய்ய முடியாது, அரசு அமைப்பான டிவிஏவின் மையங்கள்தான். கார் நான்கு வயதாகும்போது முதல் டெஸ்ட், கட்டணம் 30.50 பவுண்டு. பழுது வேலையில் ஆதாயம் என்ற கேள்வியே எழாது. ஆனால் 2020 ஜனவரியில் மையங்களின் லிஃப்ட்களில் விரிசல் கண்டு கார் டெஸ்ட்கள் நிறுத்தப்பட்டபோது மக்களுக்குப் போக வேறு இடம் இல்லை. கிரேட் பிரிட்டனில் கவுன்சில் மையம் நிரம்பியிருந்தால் பக்கத்துத் தெருவில் கராஜ் இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

மேலே சொன்னதெல்லாம் கார்களுக்கு. மோட்டார் சைக்கிளுக்கு நான் இவ்வளவு உறுதியாகக் கவுன்சில் மையத்தைச் சொல்ல மாட்டேன். எல்லா மையமும் அதை எடுப்பதில்லை, இரு சக்கரம் மட்டுமே பார்க்கும் கடையின் கை அனுபவத்துக்கும் அங்கே மதிப்பு அதிகம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டிய வேனுக்கு, 3,500 வரை, கிளாஸ் 7 டெஸ்ட் வேண்டும். கனவண்டி ஏறும் கவுன்சில் பணிமனை இதற்கு இயல்பாகப் பொருந்தும், ஆனால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே செய்தாலும், ஃபெயில் தவறு என்று தோன்றினால் குறையைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டு, பதினான்கு வேலை நாளுக்குள் விடி17 படிவத்தில் டிவிஎஸ்ஏவிடம் முறையிடலாம். அவர்கள் காரைத் திரும்பச் சோதிப்பார்கள், அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், முறையீடு வென்றால் பணம் முழுவதுமோ ஒரு பகுதியோ திரும்ப வரும். பழுது பார்த்துவிட்டு முறையிட்டால் பார்ப்பதற்கே ஒன்றும் இருக்காது.