வீட்டுக்கு எந்த ராட்செட் திருப்புளி? நான்கு வகைகளின் ஒப்பீடு

ஒரு வீட்டில் ஆண்டு முழுவதும் வரும் திருகு வேலைகள் பெரும்பாலும் சிறியவை. கதவின் கீல் தளர்ந்திருக்கும். சுவிட்ச் போர்டின் மேல்தட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். கொசுவலைச் சட்டத்தை இறக்கிக் கழுவி மறுபடி ஏற்ற வேண்டும். மிக்ஸியின் அடிப்பாகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இவற்றுள் எதையும் சாதாரண திருப்புளியால் செய்ய முடியாது என்பதில்லை. ஆயினும் எம்4 அளவுள்ள, அதாவது 4 மி.மீ. தடிமனுள்ள ஸ்குரூ ஒன்றின் மறை இடைவெளி 0.7 மி.மீ. என்பதால், அது 14 மி.மீ. ஆழம் இறங்குவதற்கு 20 முழுச் சுற்றுகள் சுற்றியாக வேண்டும். மணிக்கட்டோ ஒரு வீச்சில் அரைச் சுற்றைத் தாண்டுவது அரிது என்பதால், கைப்பிடியை நாற்பது தடவையாவது விட்டுப் பிடிக்க நேரும். ராட்செட் உள்ள திருப்புளியில் இந்த வேலை இல்லை. பிடித்த பிடியை விடாமல் கையை முன்னும் பின்னும் அசைத்தாலே ஸ்குரூ ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருக்கும். ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு, இடது கையால் திரைச்சீலைக் கம்பியைத் தாங்கியபடி வலது கையால் மட்டும் திருக வேண்டியிருக்கும்போதுதான் இதன் அருமை முழுவதும் விளங்கும்.

திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள ஹார்டுவேர் கடைகளிலும், இணைய விற்பனைத் தளங்களிலும் வீட்டு உபயோகத்துக்கென்று நம் முன் வைக்கப்படுபவை நான்கு வகையாக இருக்கின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மாற்றி மாற்றி மாட்டும் முனைகளாகிய பிட்டுகள் முப்பது நாற்பது அடுக்கிய பெட்டி செட்டு முதலாவது. கைப்பிடிக்குள்ளேயே ஆறு முதல் பத்து பிட்டுகளை வைத்துக்கொள்ளும் ஒற்றைத் திருப்புளி இரண்டாவது. ஸ்டான்லி போன்ற நிறுவனங்கள் இவ்வகையில் விற்கின்றன. ஜெர்மனியின் வேரா, ஜப்பானின் வெசல் போன்ற நிறுவனங்கள் செய்யும், விலை கூடிய இறக்குமதிக் கருவி மூன்றாவது. 3.6 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய மின் திருப்புளி நான்காவது. நான்காவது ராட்செட்டே அல்ல என்றாலும், ராட்செட் வாங்கக் கடைக்குப் போனவர் கடைசியில் அதை வாங்கிக்கொண்டு திரும்புவது அடிக்கடி நிகழ்வதால் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன், உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தண்டோடு சேர்ந்த ஒரு சிறு பல்சக்கரமும், கைப்பிடியோடு சேர்ந்து ஸ்பிரிங்கால் அதன் மேல் அழுத்தப்படும் நாக்குகளும்தான் ராட்செட் என்பது. ஒரு திசையில் திருகும்போது நாக்கு பல்லில் மாட்டிக்கொண்டு தண்டையும் சேர்த்துச் சுழற்றுகிறது. எதிர்த் திசையில் பற்களின் மேல் வழுக்கிக்கொண்டு போவதால் கைப்பிடி மட்டும் திரும்புகிறது. கழுத்தில் இருக்கும் வளையத்தையோ பொத்தானையோ நகர்த்தி, முறுக்குவது, கழற்றுவது, இரு திசையிலும் பூட்டி வைப்பது என்ற மூன்று நிலைகளில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பற்கள் 24 என்றால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 15 டிகிரி. 36 என்றால் 10. 72 என்றால் 5. அலமாரியின் மூலையில், கையை அசைக்கவே இடமில்லாத இடத்தில் நெருக்கமான பற்கள் உதவும் என்பது மெய்யே. ஆனால் வீட்டு வேலையில் அத்தகைய மூலை எத்தனை இருக்கிறது? விற்பவர்கள் இந்த எண்ணைத்தான் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடுகிறார்கள். நான் இதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது, பின்னோக்கி அசைக்கும்போது ராட்செட் எவ்வளவு இழுக்கிறது என்பதை. துளைக்குள் இரண்டு மூன்று சுற்று மட்டுமே இறங்கியிருக்கும் ஸ்குரூவைப் பிடித்துவைக்கப் போதிய உராய்வு இன்னும் உண்டாகியிருக்காது. அந்த நேரத்தில் நாக்கு பல்லின் மேல் முரட்டுத்தனமாக உராய்ந்தால், கையைப் பின்னுக்குக் கொண்டுபோகும்போது தண்டும் கூடவே திரும்பி, இறங்கிய ஸ்குரூவை வெளியே கொண்டுவந்துவிடும். மலிவான செட்டுகளை வாங்கியவர்கள் "இது ஒன்றுக்கும் உதவாது" என்று மூலையில் எறிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பற்களின் எண்ணிக்கைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை, ஸ்பிரிங்கின் கடுமையும் பற்களின் வழவழப்புமே இதைத் தீர்மானிக்கின்றன. கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். "அண்ணாச்சி, கவரைப் பிரித்துக் காட்டுங்களேன்" என்று கேட்டால் மறுக்கும் கடைக்காரர் நம் ஊரில் குறைவு. தண்டின் நுனியை இரண்டு விரல்களால் மிக மெல்லப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை வழுக்கும் திசையில் திருப்ப வேண்டும். விரல்களுக்கிடையே தண்டு அசையாமல் நின்றால் நல்ல கருவி. விரலையும் மீறித் தண்டு சுழன்றால் அடுத்ததைக் கேட்கலாம். அதே நேரத்தில் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பதும், பூட்டு நிலையில் வைத்து அது உண்மையிலேயே இறுகுகிறதா, லொடலொடவென்று ஆடுகிறதா என்று பார்ப்பதும் அரை நிமிட வேலை.

இனிப் பெட்டி செட்டு. நாற்பது பிட்டுகளைப் பார்த்தவுடன் மனம் மயங்குவது இயல்பு. ஆனால் வீட்டில் நம் கை தேடிப் போவது கூட்டல் குறி போன்ற முனையுள்ள நடுத்தர ஸ்டார் பிட்டாகிய பி.எச்.2, அதற்குச் சற்றுச் சிறிய பி.எச்.1, ஒரு தட்டை பிட் ஆகிய மூன்றைத்தான். மற்றவை வாங்கிய நாளின் பளபளப்போடு பெட்டியிலேயே இருக்கும். அந்த மூன்றும் மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டிருந்தால், முதல் இறுகிய ஸ்குரூவிலேயே பிட்டின் முனை உருண்டு, ஸ்குரூவின் மண்டையையும் வழுக்கச் செய்துவிடும். ஸ்டார் மண்டையை அமெரிக்காவில் பரப்பிய ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் பள்ளம் சரிவாக இருப்பதால், அழுத்தம் குறைந்தால் பிட் மேலே ஏறி வெளியே வந்துவிடும் குணம் அதற்கு உண்டு. பிட்டும் மென்மையாக, கைப்பிடியும் ஒல்லியாக இருந்தால் அந்தக் குணம் இரட்டிப்பாகிறது. செட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றுள் சில, செல்போன் பழுதுக்கான 4 மி.மீ. அறுகோணப் பிட்டுகளை மட்டுமே ஏற்கும். வீட்டு வேலைக்கு உலகெங்கும் வழங்கும் அளவு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. இந்தத் துளை இல்லாத ராட்செட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. ஏனென்றால் பிட் தேய்ந்த நாளில் கருவியும் சேர்ந்து வீணாகிவிடும்.

இறக்குமதிக் கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பின்னிழுப்பு மிகக் குறைவு, ஒலி மெல்லியது, வளையம் கட்டைவிரலுக்கே பணிந்து நகரும், உள்ளங்கைக்குள் பிடி தானாக அமரும். நாள்தோறும் நூறு ஸ்குரூ முடுக்குபவருக்கு அந்த ஆயிரங்கள் நியாயமானவை. மாதம் ஒருமுறை கீல் முடுக்கும் வீட்டுக்கு அந்தப் பணத்தில் நல்ல ராட்செட் ஒன்றும், நல்ல பிட்டுகளும், இரண்டு சாதாரண திருப்புளிகளும், ஒரு கட்டிங் பிளேயரும் வாங்கிவிடலாம். கருவிகளின் மேல் ஆசை உள்ள ஒருவரை இந்தக் கணக்கு தடுக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

மின் திருப்புளி வேறு விதமான போட்டியாளர். பாஷ் நிறுவனத்தின் 'கோ' (Go) என்ற மாடல் போன்ற 3.6 வோல்ட் கருவி அதிகபட்சம் 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும். துண்டு துண்டாக வரும் மேசை, அலமாரி ஆகியவற்றைப் பூட்டுவதற்கு இதைவிட வசதியானது இல்லை. நாற்பது ஸ்குரூக்களை வரிசையாக இறக்க வேண்டிய அந்த ஒரு நாளில் எந்த ராட்செட்டும் இதன் அருகில் நிற்க முடியாது. ஆனால் முன்கூட்டியே சிறு வழிதுளை போடாத தேக்கில் நீளமான மர ஸ்குரூவை முழுதும் இறக்கவோ, துருவேறியதை அசைக்கவோ இந்த விசை போதாமல் மோட்டார் நின்றுவிடும். பிளாஸ்டிக்கில் இறங்கும் சிறு ஸ்குரூக்களுக்கோ இதே விசை மிகுதி. முறுக்கைக் குறைத்து வைக்க மறந்தால் மிக்ஸியின் அடித்தட்டில் மறை பிய்ந்துவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரிகிற அளவு மோட்டாருக்குத் தெரிவதில்லை. இன்னொன்று, எப்போதோ ஒருமுறை எடுக்கும் கருவியின் பேட்டரி, எடுக்கும் அன்று காலியாகத்தான் இருக்கும்.

எனவே வீட்டுக்கு என் தேர்வு இரண்டாவது வகை. பிட்டுகள் கைப்பிடிக்குள்ளேயே இருப்பதால் தொலைவதில்லை; கைப்பிடி பருமனாக இருப்பதால் வியர்த்த கையிலும் முறுக்கு விசை கிடைக்கும்; துளை 6.35 மி.மீ. என்பதால் அந்த அளவுள்ள எந்தப் பிட்டையும் மாற்றிக்கொள்ளலாம். குறைகளும் உண்டு. பிட்டை மாற்ற ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறக்க வேண்டும். சிலவற்றில் மூடி தளர்ந்து, மேல்நோக்கித் திருகும்போது பிட்டுகள் தலைமேல் கொட்டும். கடையில் மூடியையும் இரண்டு தடவை திறந்து மூடிப் பார்ப்பது நல்லது.

ஆனால் எந்த ராட்செட்டும் தனியாக ஒரு வீட்டுக்குப் போதாது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த கதவுகளில், ஒற்றைக் கீறு மண்டையோடு துருவேறி மரத்தோடு மரமாகிப்போன ஸ்குரூக்களை இன்றும் பார்க்கலாம். அவற்றை முதலில் அசைப்பதற்குத் தேவைப்படும் விசை முழுவதையும், ராட்செட்டில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள நாக்கும் பல்லும் தாங்க வேண்டியிருக்கிறது. பூட்டு நிலையில் வைத்தாலும் பெரும்பாலான கருவிகளில் விசை அதே நாக்குகளின் வழியாகத்தான் போகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கள் வட்டாரத்து ஆசாரிமார் செய்வதே சரியான முறை: தண்டு கைப்பிடியின் கடைசிவரை ஓடும் முழுத்தண்டுத் திருப்புளியைக் கீறலில் நிறுத்தி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டித் துருவை உடைத்து, முதல் கால் சுற்றை அதனாலேயே அசைத்துவிட வேண்டும். பிறகு மீதியை ராட்செட்டிடம் விடலாம். ராட்செட்டின் தலையில் சுத்தியல் படவே கூடாது.

மின்சார வேலைக்கும் இதே பதில்தான். 230 வோல்ட் ஓடும் போர்டில், தண்டும் பிட்டும் வெறும் இரும்பாக நீட்டிக்கொண்டிருக்கும் ராட்செட்டை நுழைப்பது ஆபத்து. கைப்பிடி பிளாஸ்டிக்காக இருப்பது காப்பு ஆகாது. நுனி வரை காப்பிட்ட, 1000 வோல்ட் குறியும் ஐ.இ.சி. 60900 என்ற தர எண்ணும் பொறித்த திருப்புளி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, அப்போதும் மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

நம் சீமையின் மண்ணும் காற்றும் இந்தக் கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்கின்றன. திசையன்விளை, குட்டம் பக்கத்துத் தேரி மணல் ஆடிக்காற்றில் பறந்து எதற்குள்ளும் புகும். ராட்செட்டின் கழுத்திடுக்கில் புகுந்தால் நாக்கு பல்லில் முழுதாக அமராமல் வழுக்கத் தொடங்கும். உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஸ்பிரிங்கை அரித்துவிடும். அங்கெல்லாம் கழுத்தைத் திறந்து துடைக்கக்கூடிய, அதாவது வெளியே தெரியும் ஒரு சிறு வளையத்தாலோ ஸ்குரூவாலோ பூட்டப்பட்ட ராட்செட்டுக்கே முன்னுரிமை தர வேண்டும். பிதுக்கி அடைத்துவிட்ட கழுத்து என்றால் சுத்தம் செய்ய வழியில்லை. மணல் புகுந்ததைத் துடைத்த பின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெயை விடுவது வழக்கம்தான், ஆனால் அது நாளடைவில் பிசினாக இறுகி, நாக்கை எழவிடாமல் ஒட்டிவைக்கும்.

கடைசியாகப் பிட்டுகள். கருவியோடு வந்தவை எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும், பி.எச்.2 பிட்டை மட்டும் தனியாக, நல்ல தரத்தில் இரண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அலமாரிக் கதவுகளில் உள்ளே மறைந்திருக்கும் கீல்களின் ஸ்குரூக்களை ஒருமுறை உற்றுப் பார்ப்பதும் நல்லது. கூட்டல் குறியின் கைகளுக்கிடையே நான்கு மெல்லிய கோடுகள் இருந்தால் அது போசிடிரைவ், அதற்குப் பி.இசட்.2 பிட்தான் பொருந்தும், பி.எச்.2 போட்டால் மண்டை வழுக்கும். மிக்ஸியின் அடியில் இருக்கும் ஸ்குரூக்கள் வேறு விதம்: அவை ஒடுங்கிய ஆழ்குழிக்குள் உட்கார்ந்திருப்பதால், 25 மி.மீ. நீளமுள்ள குட்டைப் பிட் அவற்றை எட்டும் முன்பே ராட்செட்டின் தடித்த தண்டு குழியின் வாயில் முட்டிக்கொள்ளும். அதற்கு 100 மி.மீ. நீளப் பிட் ஒன்றைத் தேடி வாங்கலாம். அல்லது தபாரியா நிறுவனத்தின் ஒல்லித் தண்டு ஸ்டார் திருப்புளி ஒன்றைச் சமையலறை மேசை இழுப்பறையில் போட்டு வைக்கலாம், அது இன்னும் மலிவாக முடியும்.