அப்பா இறந்த பிறகும் எட்டு மாதம் அபராதம் பிடித்தார்கள்: வங்கியில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்

அப்பா தவறியது 2024 ஜூன் முதல் வாரம். காரியம் முடிந்து, இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் நேராக அவர் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த தனியார் வங்கிக் கிளைக்குத்தான் போனேன். தேதி ஜூன் 24. கவுன்டரில் இருந்தவர் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, கணக்கை நிறுத்தி வெச்சிடுறோம், வாரிசு சான்று வந்ததும் வாங்க" என்றார். நம்பி வந்துவிட்டேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு கையெழுத்து, ஒரு சீல், எதுவும் கேட்கவில்லை. பிறகு பட்ட பாடெல்லாம் அந்த ஒரு சீல் இல்லாததால்தான்.

கணக்கில் இருந்தது 8,412 ரூபாய், ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்தது போக மிச்சம். அங்கே குறைந்தபட்ச இருப்பு 10,000. அப்பாவின் போனை அம்மா அணைக்கவே இல்லை, ரீசார்ஜ் செய்து சார்ஜ் போட்டு சாமி அலமாரி பக்கத்திலேயே வைத்திருந்தார். அதில் மாதாமாதம் வங்கியிலிருந்து செய்தி வரும், இருப்பு குறைவாக இருக்கிறது, கட்டணம் பிடிக்கப்படும் என்று. ஒருநாள் அம்மா போனை எடுத்து வந்து, "அப்பா எங்கயாவது கடன் வாங்கியிருந்தாராடி?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

கிளைக்குப் போய்க் கேட்டால், நாமினி போடாத கணக்கு, க்ளைம் முடிந்தால்தான் எதுவும் செய்ய முடியும் என்றார்கள். தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றை நீட்டினால் அது போதாது, கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றார்கள். எட்டாயிரம் ரூபாய்க்கு கோர்ட்! வக்கீல் ஃபீஸே அதற்கு மேல் ஆகும். சிறிய தொகைக்கு ஈட்டுறுதிப் பத்திரம் (பிறகு வேறு யாராவது உரிமை கேட்டு வந்தால் நாங்களே பொறுப்பு என்று வாரிசுகள் எழுதிக் கொடுப்பது) வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும், வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்டு அலையவிடக் கூடாது, ஆவணங்கள் சரியாக இருந்தால் 15 நாளில் முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லியிருக்கிறது. இது எனக்குத் தெரிய ஐந்து மாதம் ஆனது. அதை எழுதிக் கொடுத்த பிறகு கோர்ட் பேச்சே எழவில்லை, அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டு 2025 மார்ச்சில் பணம் அம்மா கணக்குக்கு வந்தது.

ஆனால் வந்தது குறைவு. ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கிப் பார்த்தேன். குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு எட்டு மாதமும் அபராதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 1,268 ரூபாய். ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 295. எஸ்எம்எஸ் கட்டணம் 53. அபராதம் பிடிக்கப் பிடிக்க இருப்பு இன்னும் குறையும், அதனால் அடுத்த மாத அபராதம் கூடும். இறந்துபோன மனிதர் எப்படி வந்து பணம் போட்டுச் சரிசெய்வார்? அபராதம் போடும் முன் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து ஒரு மாத அவகாசம் தர வேண்டும் என்பது 2015 ஏப்ரலிலிருந்து உள்ள விதி. இவர்கள் தெரிவித்தது அப்பாவுக்கு!

புகார் எழுதினேன். "இறப்பு குறித்து 2025 பிப்ரவரியில் க்ளைம் படிவம் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும், கட்டணங்கள் விதிப்படியே" என்று பதில். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பொய் என்று தெரிகிறது, காட்டத்தான் கையில் காகிதம் இல்லை. அப்புறம் அப்பாவின் போனில் பழைய செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். 2024 ஜூன் 24, மதியம் 12:40, "உங்கள் டெபிட் கார்டு முடக்கப்பட்டது". நான் சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்த அதே நாள். அவர் இறந்தது தெரியாமல் கார்டை ஏன் முடக்கினார்கள்? முடக்கிய கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் எப்படி எடுத்தார்கள்? இரண்டையும் ஸ்கிரீன்ஷாட்டோடு, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்பினேன், பதில் இல்லை. முதல் புகார் கொடுத்து 30 நாள் முடிந்ததும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் பதிவு செய்தேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், சந்தேகம் இருந்தால் 14448-ல் கேட்கலாம். மூன்றே வாரத்தில் வங்கியிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள்.

அதனால் சொல்கிறேன், இறப்புச் சான்றிதழைக் கடிதத்தோடு கொடுங்கள். கட்டணம், ஆட்டோ டெபிட், கார்டு எல்லாவற்றையும் இந்தத் தேதியிலிருந்து நிறுத்தவும் என்று அதிலேயே எழுதி, இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே நின்று மின்னஞ்சலில் அனுப்புங்கள். இறந்தவருடைய போன் எண்ணை உடனே ரத்து செய்யாதீர்கள். பின் நம்பர் தெரியும் என்று இறந்தவர் கார்டில் பணம் எடுக்கவும் வேண்டாம், பிறகு வங்கியில் அதை உங்கள் மேலேயே திருப்புவார்கள். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புதிய வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, வணிக வங்கிகளில் நாமினி இல்லாவிட்டாலும் 15 லட்சம் வரை எளிய நடைமுறை, 15 நாளைத் தாண்டித் தாமதித்தால் வங்கி வட்டி தர வேண்டும். கோர்ட் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அபராதமும் கார்டு கட்டணமும் சேர்த்து 1,563 ரூபாய் திரும்பி வந்தது. எஸ்எம்எஸ்ஸுக்குப் பிடித்த 53 ரூபாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு வரியும் வரவில்லை.