ஒற்றைக்குழலா, இரட்டைக்குழலா? வயல் காவலில் பதின்மூன்று காலபோகம்

வவுனியா மாவட்டத்து நெடுங்கேணிப் பக்கத்தில் நெற்கதிர் பால் பிடிக்கும் நாட்களில் பன்றி இறங்காத இரவு அரிது. பயிர்க் காவல் உரிமத்தில் முதல் 4 காலபோகம் (மாரி நெற்செய்கைக் காலம்) பழைய இரட்டைக்குழல் துவக்கு (துப்பாக்கி) வைத்திருந்தேன். பிறகு 9 காலபோகமாக ஒற்றைக்குழல். இரண்டுமே ‘போர் 12’ (12 bore என்ற குழல் அளவு) ரகம்.

வேலைப்பாட்டில் இரட்டைக்குழலை அடிக்க முடியாது. குழலும் உடலும் பூட்டும் இடத்தில் மயிரிழை இடைவெளி இல்லை. வால்நட் மரச் சோங்கு (தோளில் வைக்கும் கட்டை) கையோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதன் தோட்டா அறை 65 மில்லிமீற்றர். நான் வாங்கிய தோட்டாவோ 70. அந்த அளவு, வெடித்து விரிந்த கோதின் (தோட்டாவின் வெளிக்கூடு) நீளம். ஆகவே சுடாத தோட்டா குறுகிய அறைக்குள் இலகுவாக நுழைந்துவிடும். வெடிக்கும்போது வாய் முழுதாக விரிய இடமின்றி உள்ளே அழுத்தம் ஏறும். தெரியாமல் ஒரு போகம் முழுவதும் அப்படியே சுட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

இரண்டாவது வெடிக்காகத்தானே இரட்டைக்குழல் வாங்குகிறோம்? முதல் வெடிச் சத்தத்திலேயே பன்றிகள் வரம்பு தாண்டிவிடும். எனக்கு அது தேவைப்பட்ட இரவுகள் மிகக் குறைவு.

ஒற்றைக்குழலில் நான் மிகவும் மதிப்பது வெளியே தெரியும் குதிரையை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியலை. கும்மிருட்டிலும் பெருவிரலால் தடவினால் அது ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மகன் பக்கத்தில் படுத்திருக்கும் காவல் கொட்டிலில் இதைவிடப் பெரிய தரம் எனக்கு வேண்டாம். சேற்று வரம்பில் தூக்கி நடக்கவும் பாரம் குறைவு. அதே காரணத்தால் தோளில் உதை பலமாக விழும். சோங்கின் அடியில் தடித்த றப்பர் பொருத்திய பிறகுதான் தாங்கக்கூடியதாக இருந்தது. 9 போகத்தில் மாற்றியது ஒரேயொரு வில்.

கனடாவிலிருந்து வந்த மருமகன், “மாமா, இதற்கு ஒரு லீவர் ரைபிள் இருந்தால் எவ்வளவு நல்லது” என்றான். கைநெம்பை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரகம் அது. 1894இல் வந்த வின்செஸ்டர் வகையின் விசுவாசி அவன். நல்ல துவக்குத்தான். ஆனால் அதன் குண்டு ஒரு மைலுக்கு மேலும் போகக்கூடியது. எங்கள் வயலுக்கு அப்பால் இன்னொருவரின் கொட்டில் இருக்கிறது. அங்கேயும் ஆள் படுத்திருக்கும்.

மாரியில் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், உறைந்து பிசினாகும். தையல் இயந்திர எண்ணெய் போதும். பழைய துவக்கு வாங்குபவர்கள் முதலில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, முன்கைப்பிடியைக் கழற்றிவிட்டுக் குழலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சற்றே அசைந்தாலும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வைத்துவிட்டு வாருங்கள்.