ஆப்ல ஆள் புடிச்சு லைன் வீடு ரிப்பேர் பண்ணப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க: என் ரூ.1,85,000 போச்சு

மொதல்ல தொகையைச் சொல்லிடறேன். ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம். வாங்கிட்டுப் போன கான்ட்ராக்டர் நேத்துப் பொழுதோட என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். வாடகை வீடு வாங்கறது, கான்ட்ராக்டர் புடிக்கிறது, செலவை அடக்கறது பத்தியெல்லாம் புதுசா இறங்கறவங்களுக்கு வெவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். இருக்கற ஆத்திரத்துல எவ்வளவு தூரம் வருதோ தெரியல.

திருப்பூர்ல அனுப்பர்பாளையத்துக்கு அக்கட்ட ஒரே வரிசையா நாலு வீடு இருக்கற ஒரு பழைய வளவு விலைக்கு வந்துச்சு, அதைத்தான் வாங்கினோம். என் பிஎஃப் பணம், எங்க ஊட்டுக்காரரு பங்குக் காட்டை வித்த பணம், மீதிக்கு பேங்க் லோன். பனியன் கம்பெனிக்கு நடந்து போற தூரம், அதனால வீடு காலியாவே கெடக்காது. ஒரு வீட்டுக்கு 4,500 வாடகை, நாலுக்கும் சேர்த்து 18,000. கணக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மொட்டை மாடி ஒழுகுது, பாத்ரூம் நாலும் பாசி புடிச்சுக் கெடக்கு, வயரெல்லாம் அரதப் பழசு. போதாததுக்கு நாலு வீட்டுக்கும் ஒரே மீட்டர். வீட்டுக் கனெக்‌ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு கொஞ்சம் யூனிட் இலவசம்தான், ஆனா நாலு குடும்பம் ஒரே மீட்டர்ல ஓட்டினா அது எந்த மூலைக்கு? யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும், மாசாமாசம் குடியிருக்கறவங்களுக்குள்ள சண்டை வேற.

ஆள் தேடினப்ப வீட்டு ரிப்பேர் வேலைக்கு ஆள் அனுப்பற ஒரு ஆப் கண்ணுல பட்டுச்சு. பேரு வேண்டாம். பச்சைக் கலர்ல டிக் போட்டு ‘சரிபார்க்கப்பட்டவர்’னு காட்டும், ஸ்டார் காட்டும், போட்டோவெல்லாம் போட்டிருக்கும். அது மூலமா வந்தவன்தான் இவன்.

வந்தவன் மொதல்ல எங்க அத்தையைப் பார்த்து, “ஆத்தா, நல்லாருக்கீங்களாங்க”ன்னான். எந்த ஊரு, எந்தக் கோயிலுன்னு விசாரிச்சான். செருப்பைக் கழட்டிட்டு மாடிக்கு ஏறி, சுத்தியல் காம்பால தட்டோட்டை (மாடித் தரையில பதிக்கற தட்டை ஓடு) ஒவ்வொரு இடமாத் தட்டிக் காட்டினான். “சத்தத்தைக் கேளுங்க்கா, உள்ளுக்குள்ள பொள்ளலா இருக்குது. சுண்ணாம்பு செத்துப் போச்சு. இதுமேலயே கெமிக்கல் அடிச்சா ரெண்டு மழைக்குத் தாங்கும், அவ்வளவுதான். பேத்து எடுத்துட்டு, தண்ணி போற வாட்டம் புடிச்சு, அதுக்கு மேல கூல் டைல் போடோணுமுங்க.” பாத்ரூமுக்கும் அதே மாதிரி மூலைக்கு மூலை வெவரம் சொன்னான். டைல் ஒட்டறதுக்கு முன்னால தண்ணியைத் தேக்கி ரெண்டு நாள் விட்டுப் பார்த்துட்டுத்தான் அடுத்த வேலைன்னான். இதுல ஒண்ணுகூடப் பொய் கெடையாது. இப்ப வந்து பார்த்த மேஸ்திரியும் அச்சு அசலா இதையேதான் சொன்னாரு. வேலை தெரியாத தறுதலையா இருந்திருந்தா வந்த அன்னைக்கே வெரட்டி விட்டிருப்போம்.

நாலு வீட்டுக்கும் சேர்த்து 2,90,000 பேசினோம். அட்வான்ஸா 62,000 வாங்கினான். அன்னைக்குப் பொழுதோடவே திரும்பி வந்தான். “அக்கா, பெயிண்டுக்கு ஒரு டப்பா கூடப் போட்டு எழுதிட்டனுங்க, தப்பு”ன்னு சொல்லி நாலு ஐநூறு ரூபா நோட்டை எங்க அத்தை கையில வெச்சுட்டுப் போனான். அத்தை ரெண்டு நாளா அக்கம்பக்கத்துல இதைத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. எனக்கு இப்ப வவுறு எரியறதே அந்த 2,000-ஐ நெனைச்சாத்தான். ரெண்டாயிரத்தைப் போட்டு மிச்சத்தை அள்ளிட்டுப் போயிட்டான், தூண்டில்ல புழு மாட்டற கணக்கா.

அதுக்கப்புறம் 75,000. டைல்ஸ் மொத்தமா எடுத்தா குறையும், வயரு வெலை ஏறப் போகுது, ஈபில தனி மீட்டருக்கு எழுதிப் போட 12,000 ஆகும், எல்லாம் இந்த 75,000-லயே அடக்கம்னு சொன்னான். ஆப்ல கட்டினா அவனுங்க கமிஷன் எடுத்துக்குவாங்க, நேரா ஜிபேல போட்டா அதை உங்களுக்கே கழிச்சுத் தரேன்னான். பொறவு ஒரு சனிக்கிழமை, “ஆளுங்களுக்கு வாரச் சம்பளம் குடுக்கோணுமுங்க, இல்லீனா திங்கக்கெழமை ஒருத்தனும் வரமாட்டான்”னு 50,000. திருப்பூர்ல சனிக்கிழமை சம்பளம்ங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, யாரு சந்தேகப்படுவாங்க. திருப்பிக் குடுத்த 2,000 போக 60,000, அப்புறம் 75,000, 50,000. கூட்டிக்குங்க.

நடந்த வேலை இவ்வளவுதான்: மாடித் தட்டோடு பூராப் பேத்தாச்சு. ரெண்டு பாத்ரூம் டைலை ஒடைச்சாச்சு. ஒரு வீட்டுல மட்டும் வயரு மாத்தினான். இடிக்கறதுக்கு எத்தனை நேரமாகும் சொல்லுங்க? ஐப்பசி மழை பொறந்ததும் ஆளுங்க வர்றது நின்னு போச்சு.

“வடக்கத்திப் பசங்க தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டாங்க்கா.” சரின்னோம். “மாமனாருக்கு மேலுக்குச் சரியில்லீங்க்கா, ஆஸ்பத்திரில இருக்கறேன்.” அதுக்கும் சரின்னோம், ஆஸ்பத்திரின்னு சொல்றவன்கிட்ட என்னத்தக் கேக்கறது. “டைல்ஸ் லோடு வழியில நிக்குதுங்க.” எந்த வழியில? கடை பில்லக் கேட்டா, கொட்டேஷன்னு மேல எழுதின துண்டுச் சீட்டை போட்டோ புடிச்சு அனுப்பறான், கடைப் பேரும் இல்ல, ஜிஎஸ்டி நம்பரும் இல்ல. அதுக்கப்புறம் போன் அடிச்சா எடுக்கறதில்ல. வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழும், பதில் வராது. எங்க ஊட்டுக்காரரு வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டப்ப எடுத்து, “அண்ணா, நான் என்ன ஊரை விட்டா ஓடிப் போயிட்டேன்”னு எரிஞ்சு விழறான். நம்ம காசை வெச்சுக்கிட்டு நம்மளையே அதட்டல்!

பேத்துப் போட்ட மாடியில மழைத்தண்ணி நின்னு ரெண்டு வீட்டுக்குள்ள இறங்கிருச்சு. அதுல ஒரு வீட்டுல கைக்குழந்தை. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை கடுசாப் பேசல, “அக்கா, நாங்க வேற பக்கம் பார்த்துக்கறோம்”னு மட்டும் சொல்லுச்சு. ரெண்டு குடும்பமும் காலி பண்ணிட்டாங்க. மூணு மாச அட்வான்ஸ் ஆளுக்கு 13,500, அதையும் திருப்பிக் குடுத்தாச்சு. லோன் தேதிக்கு மட்டும் லீவே கெடையாது.

ஆப்காரங்களைக் கேட்டா மொதல்ல ஒரு மெஷின் பேசுது. ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ மனுசக் குரல் கெடைச்சப்ப அந்தப் பையன் சொல்றான்: மேடம், நாங்க ஆளை அறிமுகப்படுத்தறதோட சரி, பணம் எங்க மூலமா வரல, அதனால எங்க பொறுப்பு இல்ல. அப்ப அந்தப் பச்சை டிக்கு எதுக்குடான்னு கேட்டேன். அது ஆதார் பார்த்ததுக்காம். சரி, அந்த அட்ரஸையாவது குடுன்னா, தனிநபர் தகவல், தர முடியாதாம். புகாரையும் ‘தீர்க்கப்பட்டது’ன்னு போட்டு மூடிட்டாங்க. யாருக்குத் தீர்ந்துச்சு? போலீஸ் ஸ்டேஷன்ல, “இது சிவில் மேட்டரும்மா”ன்னாங்க. விடாம நின்னு மனு ரசீது மட்டும் வாங்கிட்டு வந்தோம்.

ஈபி ஆபீஸ்ல போய் விசாரிச்சா எங்க பேர்ல மீட்டருக்கு ஒரு அப்ளிகேஷனும் பதிவாகல. 12,000 அப்படியே முழுங்கிட்டான். மாத்தின வயரைப் புது எலக்ட்ரீஷியன் உருவிப் பார்த்து, மேல அச்சடிச்சிருக்கறதை எனக்கே படிச்சுக் காட்டினாரு. ஹீட்டர் போடற பாயிண்டுக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ., வயரோட கனம்)னு எழுதிக் காசு வாங்கினவன் 1 ஸ்கொயர்ல மெலிசான வயரை இழுத்து வெச்சிருக்கான். யாராவது ஹீட்டரைப் போட்டிருந்தா வயரு சூடாகி பத்திக்கிட்டாலும் பத்திக்கிட்டிருக்கும். காசு போனதைக்கூட விடுங்க, இதுக்கு அவனை என்ன பண்ணறது?

ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம்ங்க. நாலு வீட்டுக்கும் பத்து மாச வாடகைக்கு மேல. இனிப் புதுசா வேலை புடிச்சா அந்த 2,90,000-க்குள்ள முடியாதுன்னு மேஸ்திரி இப்பவே சொல்லிட்டாரு.

யோசனைன்னு நெறைய எழுத நெனைச்சேன், இப்பத் தோணறதை மட்டும் சொல்றேன். சிமெண்டு, டைல்ஸ், வயரு எல்லாம் நீங்களே கடைக்குப் போய் ஜிஎஸ்டி பில்லோட வாங்குங்க, அவங்களுக்குக் கூலி மட்டும் பேசுங்க. ஒரு வீட்டை முழுசா முடிச்சுக் காட்டினாத்தான் அடுத்த வீட்டைத் தொட விடணும், நாலையும் ஒரே நேரத்துல இடிக்க விட்டுடாதீங்க. மழைக் காலத்துல மாடியில கை வெக்கவே வேண்டாம். பாத்ரூம்ல தண்ணி தேக்கிப் பார்க்கற வரைக்கும் கடைசிப் பணத்தை உங்க கையிலயே வெச்சுக்குங்க. மீட்டருக்கு ஆன்லைன்ல நீங்களே விண்ணப்பிக்கலாம், யாருக்கும் தனியாக் காசு தர வேண்டியதில்ல. அவன் ஆதார் நகலும் முத்திரைத்தாள்ல கையெழுத்தும் இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க. நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணிப் புகாரைப் பதிஞ்சிருக்கேன். நுகர்வோர் கோர்ட்டுல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். வாடகைக்கு விடற வீடுன்னா வியாபாரம், அது நுகர்வோர் வழக்குல வராதுன்னு எதிர்த்தரப்பு வாதாடும்னு வக்கீல் சொன்னாரு, இருந்தாலும் போடத்தான் போறோம்.

காலையில எங்க ஊட்டுக்காரரு போன்ல அந்த ஆப்பைத் தொறந்து பார்த்தேன். அதே மூஞ்சி, அதே பச்சை டிக்கு. இப்ப பல்லடம், சூலூர் பக்கம் வேலை எடுக்கறதாக் காட்டுது. அந்தப் பக்கம் வீட்டு வேலை வெச்சிருக்கறவங்க அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, நீங்க பேசிட்டிருக்கற ஆளு இவன்தானான்னு சொல்லிடறேன்.